ஆவி பிடித்த சிபாரிசுக் கடிதம்

டொக்டராக வேலை பார்க்கும் ஒருத்தி இதை எழுத்தில் ஒப்புக்கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்த காலத்தில், என்னைப் பற்றி எழுதி, உறையில் இட்டு ஒட்டி, ஒட்டின வாயில் கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் குத்தின ஓர் இரகசியக் கடிதத்தை, எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் குசினியில் புட்டுப் பானைக்கு மேலே பிடித்து, ஆவி காட்டித் திறந்தோம். 'திறந்தோம்' என்று பன்மையில் சொல்வது அம்மாவையும் சேர்த்து. (அம்மா இதை வாசித்தால் "ஐடியா உன்ரை" என்பா. இல்லை. ஐடியா அவவின்ரைதான். உறையைப் பிடித்த கை மட்டும்தான் என்னுடையது.)

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சையை நான் உயிரியல் பிரிவில் இரண்டு தரம் எழுதினேன். முதல் தரம் என் இசட் ஸ்கோர் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு வெகு தூரத்தில் நின்றது. இரண்டாம் தரம் மிகக் கிட்ட வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கூப்பிட ஆளில்லாமல் நின்றது. மூன்றாம் தரம் எழுத எனக்குத் தெம்பு இருக்கவில்லை. அப்போதுதான் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்று பாதிச் செலவைத் தானே ஏற்றுப் பிள்ளைகளை எடுக்கிறதென்று அப்பா ஒரு விளம்பரத்தைக் கத்தரித்துக்கொண்டு வந்தார். (கல்லூரியின் பெயர் வேண்டாம். என்னை எடுத்தவர்களுக்கு நான் செய்யக்கூடிய நன்றி அதுதான்.)

அப்பா தபால் கந்தோரில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடதாசி, பைல், முத்திரை, கடைசித் திகதி என்றால் அவருக்கு முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பு, பெறுபேற்றுப் பத்திரங்களின் உறுதிப்படுத்திய பிரதிகள், பொலிஸ் நற்சான்று என்று ஒவ்வொன்றையும் நிறம் நிறமான பைல்களில் போட்டு, எனக்கு விண்ணப்பத்தில் இரண்டே இரண்டு வேலைகளைத்தான் மிச்சம் விட்டார். ஒன்று, நான் ஏன் வைத்தியராக விரும்புகிறேன் என்று ஒரு பக்கத்தில் எழுதுவது. மற்றது, இரண்டு சிபாரிசுக் கடிதங்கள் வாங்குவது. அந்த இரண்டையும் நான் கெடுத்த விதம்தான் இந்தக் கதை.

முதலாவது கடிதம் பள்ளிக்கூடத்தில் அதிபரிடம் கிடைத்தது. ஒவ்வொரு வருடமும் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கிற அதே கடிதம், பெயர் மட்டும் வேறு. நேரம் தவறாதவர், ஒழுக்கமானவர், வாழ்த்துகள். இரண்டாவதுதான் கஷ்டம். ஒரு வைத்தியரோடு குறைந்தது மூன்று வாரம் கூட நின்று, நோயாளிகளைப் பார்த்துப் பழகி, அந்த வைத்தியரிடமே கடிதம் வாங்க வேண்டும். அதை அவர் ஒட்டிய உறையில் தரவேண்டும். பிள்ளை திறக்கக் கூடாது.

எங்களுக்கு டொக்டர் என்றால் டொக்டர் ஃபரீதாதான். அம்மா பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்து இருபது வருடம் தாண்டியும், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு பஸ் மாறி டொக்டர் ஃபரீதாவின் டிஸ்பென்சரிக்குப் போவோம். போய்ச் சேர்வதற்குள் பாதிக் காய்ச்சல் களைப்பில் விட்டுவிடும். டொக்டர் அறுபதை நெருங்கியவர், உயரமானவர், மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லுகிறவர். அம்மாவின் முழங்கால் வலியைப் பார்த்துவிட்டு, வருத்தம் முழங்காலில் இல்லை, சோற்றுக் கோப்பையில் என்று அவவின் முகத்துக்கு நேரே சொன்னவர். அம்மா அதற்காக ஒரு மாதம் கோபமாக இருந்துவிட்டு, அடுத்த மாதம் அவரிடமே போனா.

டொக்டர் என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல் நாளே துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் வந்தார். கால் பெருவிரல் நகம் பிளந்து, அதைக் கழற்ற வேண்டியிருந்தது. டொக்டர் ட்ரேயை என்னிடம் தந்து, பிடித்துக்கொள்ளும்படி சொன்னார். நான் பிடித்தேன். நகம் அசைந்ததைக் கண்டேன். அதற்குப் பிறகு நான் கண்டது மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறி. அந்த மனிதர் பாதி கழன்ற நகத்தோடு கட்டிலால் இறங்கி, ஒற்றைக் காலில் நின்றபடி என்னைத் தூக்கி, தான் படுத்திருந்த இடத்தில் என்னைக் கிடத்தியிருந்தார்.

இரண்டாவது தரம், நாலு வயதுச் சின்னப் பெண் ஒருத்திக்கு ஊசி. அவள் அழவேயில்லை. நான் விழுந்ததைப் பார்த்துத்தான் அழுதாள். மூன்றாவது தரம், ஓர் அன்ரியின் கையில் வெந்த புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது. அப்போது எனக்கு அனுபவம் வந்துவிட்டது. சுவரில் முதுகைக் கொடுத்து, மெல்ல வழுக்கி, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாக மயங்கினேன்.

இதையெல்லாம் வீட்டில் சொல்ல முடியுமா? பின்னேரம் வந்ததும் அம்மா இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்பா. ஒரு சின்ன ஒப்பரேஷனுக்கு உதவினேன் என்பேன். அம்மா அதைக் கொண்டுபோய் லிப்ட்டில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் சொல்லுவா. எங்கள் தொடர்மாடியில் ஆறாம் மாடிக்குப் போய்ச் சேரும்போது நான் ஓர் ஒப்பரேஷனைத் தனியாகவே முடித்திருப்பேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. 'நான் ஏன் வைத்தியராக விரும்புகிறேன்' என்கிற அந்த ஒரு பக்கத்தையும் அந்த வாரம்தான் எழுதினேன். மூன்று வயதிலிருந்தே மனிதகுலத்தின் துன்பம் என்னைத் தூங்கவிடவில்லை என்று தொடங்கியது அது. (மூன்று வயதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி.) நடுவில் ஒரு வசனம் வந்தது: 'நடுங்காத கைகளோடு பல சிறு சத்திரசிகிச்சைகளில் உதவியிருக்கிறேன்.' எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. மயங்கிக் கிடப்பவளின் கை நடுங்காதுதானே. அப்பா அதை இங்கிலீஷில் வாசித்துவிட்டு, எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு அதைப் பச்சைப் பைலில் வைத்தார்.

மூன்று வாரம் முடிந்தது. கடிதத்தை நானே தட்டச்சில் அடித்துக் கொண்டுவருகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் வைத்தால் போதும் என்று டொக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னேன். தனக்கு எழுதத் தெரியும் என்றார். நோயாளிகளுக்கு நடுவே நேரம் கிடைக்கும்போதெல்லாம், இரண்டு நாளாக, சிரித்துச் சிரித்து எழுதினார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசி நாள் பின்னேரம் உறையை ஒட்டி, வாயில் கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி, என் கையில் தந்தார்.

"தொறக்க வாணாம் மகள். அப்பிடியே அனுப்புங்க."

அடுத்த நாள் காலை முழுக்க அந்த உறையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நல்ல தடித்த உறை. ஒன்றும் தெரியவில்லை. என் கடதாசியில் நடுங்காத கைகள் இருந்தன. டொக்டரின் கடிதத்தில் என்ன இருந்திருக்கும்? இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்கப்போகும் மனிதர்களை நினைத்தபோது, யாருடைய இரத்தத்தையும் பார்க்காமலே எனக்குக் கண் இருட்டியது.

விண்ணப்பத்தை மறுநாள் மத்தியானத்துக்குள் கூரியரில் கொடுக்க வேண்டும். அப்பா கடைசிப் பிரதிகளில் சமாதான நீதவானின் முத்திரை வாங்கப் பாமன்கடைக்குப் போயிருந்தார். அம்மா மத்தியானத்துக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தா. உறையைக் கையில் வைத்துக்கொண்டு நான் குசினி வாசலில் நின்ற நிலை அவவுக்கு என்னவோ செய்திருக்க வேண்டும்.

"அந்த மனுசி உள்ளதை உள்ளபடி எழுதுற ஆள்," என்றா அம்மா. "என்ரை முழங்காலுக்கே அப்பிடிச் சொன்னவ. உன்னைப் பற்றி என்னத்தை எழுதிக்கிடக்கோ ஆருக்குத் தெரியும்."

அம்மா பானையைப் பார்த்தா. நானும் பானையைப் பார்த்தேன். ஆவி நல்லாக வந்துகொண்டிருந்தது.

உறை இரண்டு நிமிடத்தில் வாயைத் திறந்தது. ஆனால் டொக்டரின் நீலக் கையெழுத்து ஆவியில் ஊறிக் கரைந்து, முத்திரையோடு கலந்து, உறையின் முதுகில் ஒரு பெரிய நீலக் கறையாகப் படர்ந்துவிட்டது. அதை நாங்கள் உடனே கவனிக்கவில்லை. உள்ளே இருந்த கடிதத்தை விரிப்பதில் மும்முரமாக இருந்தோம்.

இரண்டு பக்கம். மேலே அச்சடித்த பெயரும் விலாசமும் தெளிவாக இருந்தன. அதற்குக் கீழே ஓர் எழுத்துக்கூட விளங்கவில்லை. இதயத்துக்கு எடுக்கிற ஈ.சி.ஜி. கடதாசியில் வருமே கோடு, அது நல்ல சுகமுள்ள ஓர் ஆளுடையதைப் போல இரண்டு பக்கத்துக்கும் ஒரே சீராக ஓடியது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தா. ஜன்னலுக்குக் கொண்டுபோய் வாசித்தா. கடைசியில் ஒரேயொரு சொல்லைப் பிடித்தா. இரண்டாம் பக்கத்தில், கீழே கோடிட்டு எழுதியிருந்த 'நெவர்'. ஒருபோதும் இல்லை.

ஒருபோதும் என்ன இல்லை? ஒருபோதும் டொக்டராக முடியாதா? நான் அதை 'நேர்ஸ்' என்று வாசித்தேன். டொக்டருக்குச் சரிவரமாட்டாள், நேர்ஸாகப் போகட்டும் என்று எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். இருவரும் அந்தச் சொல்லை வைத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் நின்றார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். மேசையில் கிடந்த உறையை எடுத்தார். நீலக் கறையைப் பார்த்தார். கதிரையில் இருந்தார். தான் முப்பத்தொரு வருடம் எத்தனை ஆயிரம் கடிதங்களைத் தொட்டும் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை என்றும், இப்போது தன் வீட்டிலேயே, தன் மனைவியும் மகளும் சேர்ந்து, அதுவும் புட்டுப் பானையில் என்றும் மெல்லச் சொன்னார். 'புட்டுப் பானையில்' என்று சொல்லும்போதுதான் அவருடைய குரல் உடைந்தது.

அம்மா கடிதத்தை நீட்டினா. அப்பா மறுத்தார். பிறர் கடிதத்தைத் தான் வாசிப்பதில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைப் போட்டார்.

"நான் கடிதத்தை வாசிக்கேல்லை," என்றார். "கையெழுத்தைத்தான் பாக்கிறன்."

மோசமான விலாசங்களை வாசித்து வாசித்துப் பழகின கண். அவரால்கூட முடியவில்லை. கால் மணித்தியாலம் போராடி, 'ஃபெல்' என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது என்று கண்டுபிடித்தார். விழுந்தாள், விழுந்தாள், விழுந்தாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் குழாயைத் திறந்து, கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினேன்.

டொக்டர்மாரின் எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் ஒரு சாதிதான், மருந்துக் கடைக்காரர் என்று அம்மா சொன்னா. கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழே காலி வீதிப் பார்மசிக்கு ஓடினோம். அங்கே இருந்த சிங்களத் தம்பி நெடுநேரம் பார்த்துவிட்டு, "மேக பெஹெத் துண்டுவக் நெவெய் நே, அன்ரி," என்றார். இது மருந்துத் துண்டு இல்லையே என்கிறார். அது எங்களுக்கும் தெரியும். அவருக்கு விளங்கினது ஒன்றே ஒன்று. முதல் பக்கத்தில் எதுவோ 'மூன்று தரம்' என்று இருக்கிறதாம். நாளைக்கு மூன்று தரமா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்றுதான் தெரியவில்லை என்றார்.

இனி ஒரே வழிதான் இருந்தது. டொக்டர் ஃபரீதாவின் டிஸ்பென்சரிக்கு அடுத்த கடை நஸீர் நானாவின் பார்மசி. இருபத்தைந்து வருடமாக அந்தக் கையெழுத்துக்கு மருந்து கட்டிக்கொடுப்பவர். டொக்டர் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் வருவார். நாலரைக்குள் போய், நஸீர் நானாவைக் கொண்டு வாசித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பது அம்மாவின் திட்டம். அப்பாவும் வந்தார். குற்றத்தில் பங்கெடுக்க இல்லை, பொறுப்பான ஓர் ஆள் கூட இருக்க வேண்டும் என்பதற்காக. பார்மசிக்குள் வர மறுத்து வெளியே நடைபாதையில் நின்றார்.

பஸ் நெரிசலில் மாட்டி நாங்கள் போய்ச் சேர ஐந்துக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. டொக்டருக்காகக் காத்திருக்கும் ஆட்கள் வெயிலுக்கு ஒதுங்கி பார்மசிக்குள் நின்றார்கள். ஏழெட்டுப் பேர் இருக்கும். அம்மா குரலைத் தாழ்த்தி, இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள் என்று நஸீர் நானாவிடம் கடிதத்தைக் கொடுத்தா.

நஸீர் நானாவுக்கு ஒரு பழக்கம். அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேருக்குக் காது மந்தம். அதனால் எந்தத் துண்டையும் முதலில் இங்கிலீஷில் சத்தமாக வாசித்து, பிறகு அதைவிடச் சத்தமாகத் தமிழில் விளக்குவார். கடிதத்தையும் அப்படியே செய்தார். தண்ணீர் குடிப்பதுபோல வாசித்தார் மனிதர். ஓர் இடத்தில்கூடத் தடக்கவில்லை.

இந்தப் பிள்ளை என்னிடம் மூன்று வாரம் நின்றது. மூன்று வாரத்தில் மூன்று தரம் மயங்கி விழுந்தது. முதல் தரம் விழுந்தபோது, நகம் கழற்ற வந்த துறைமுகத் தொழிலாளியே எழும்பி அதைத் தூக்கினார். இரண்டாம் தரம் ஒரு குழந்தை பயந்து அழுதது. மூன்றாம் தரம்...

அங்கே நின்ற எல்லாரும் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் தன் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டார். என் காது இரண்டும் எரிந்தன. அம்மா என்னைப் பார்க்கவில்லை. லிப்ட்டில் தான் சொன்ன ஒவ்வொரு ஒப்பரேஷனையும் அவ மனதுக்குள் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தா என்று நினைக்கிறேன். நஸீர் நானா பக்கத்தைத் திருப்பக் கொஞ்சம் நேரம் எடுத்தார். "பொறகு?" என்றார் மூலையில் இருந்த ஒருவர்.

பிறகு நஸீர் நானாவின் குரல் கொஞ்சம் தணிந்தது.

விழாத மாணவர்கள் நிறையப் பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்கள் காயத்தைப் பார்த்தார்கள், நோயாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தப் பிள்ளை ஒவ்வொரு தரமும் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, அவருக்கு நோகிறதா என்பது. ஒவ்வொரு தரமும் நாளைக்கு இது வராது என்று நான் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் நான் கதவைத் திறக்க முன்னமே வந்து நின்றது. வீட்டுக்குப் போகிறேன் என்று ஒருபோதும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் முழுவதும் விழவுமில்லை. மயங்குவது ஒரு மாதத்தில் நின்றுவிடும், எனக்கும் அப்படித்தான் நின்றது. மற்றது, அந்தக் கேள்வி, பழக்கி வருவதில்லை.

அந்த 'நெவர்', வீட்டுக்குப் போகிறேன் என்று ஒருபோதும் கேட்காததுதான். கோடிட்டிருந்தது அதற்குத்தான்.

அவருக்கு நோகிறதா என்று நான் கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை. இன்றும் இல்லை. மயக்கத்தில் கேட்டிருக்க வேண்டும். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா. அந்த நேரம் பார்த்துத்தான், தன் நோயாளிகள் எல்லாரும் எங்கே போய்விட்டார்கள் என்று பார்க்க டொக்டர் ஃபரீதா பார்மசிக்குள் வந்தார்.

நஸீர் நானாவின் கையில் கடிதம். அம்மாவின் கையில் உறை. என் முகத்தில் எல்லாம்.

"வெயிலுக்குத் தானாத் திறந்திட்டுது டொக்டர்," என்றா அம்மா.

டொக்டர் உறையை வாங்கினார். திருப்பி நீலக் கறையைப் பார்த்தார். பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"புட்டா, இடியப்பமா?"

"புட்டு," என்றா அம்மா, எனக்கே கேட்காத குரலில்.

நான் முந்திக்கொண்டேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை, கொட்டாஞ்சேனையில் பாதிக்கு என் கதை தெரிந்துவிட்டது. என் கடதாசியில் நடுங்காத கைகள் என்று எழுதியதையும், அந்தப் பயத்தில்தான் உறையைத் திறந்ததையும் சொன்னேன். வாசித்தும் எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காமல்தான் இங்கே வந்தோம் என்றும் சொன்னேன். டொக்டர் நடுங்காத கைகளையும் கவனிக்கவில்லை, உறையையும் கவனிக்கவில்லை. நான் கடைசியாகச் சொன்ன வசனத்தில் நின்றுவிட்டார்.

"வெளங்கலயா? எனத்துக்கு வெளங்கல?"

வரிசையில் நின்றவர்கள் மருந்துப் போத்தல்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். டொக்டர் நஸீர் நானாவைப் பார்த்தார். அவர் கனநேரம் யோசித்து, தனக்கென்றால் நன்றாக விளங்கும் என்று மட்டும் சொன்னார். டொக்டருக்கு அது போதவில்லை. வெளியே நின்ற அப்பாவைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். அச்சடித்த பெயரையும் விலாசத்தையும் கணீரென்று வாசித்தார். பிறகு நிறுத்தி, மிச்சம் உங்களுடைய கையெழுத்து டொக்டர், என்றார்.

முப்பது வருடமாக ஒருவரும் அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. டொக்டர் நஸீர் நானாவின் ஸ்டூலில் இருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அடக்க அடக்கச் சிரித்தார். இந்தக் கடிதம் இப்படியே போய்ச் சேர்ந்திருந்தால் அங்கே இருப்பவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டார். மூன்று வேளை குடித்திருப்பார்கள் என்றார் மூலையில் இருந்தவர். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திறக்காமல் அனுப்பியிருந்தால், எனக்கு இதுவரை கிடைத்த மிக நல்ல கடிதம் ஒருவருக்கும் விளங்காமல் குப்பைக்குப் போயிருக்கும்.

பக்கத்தில் போட்டோகொப்பி எடுக்கிற கொமியூனிகேஷன் கடை ஒன்று இருந்தது. நோயாளிகளிடம் பத்து நிமிடம் கேட்டுவிட்டு டொக்டர் எங்களை அங்கே கூட்டிப் போனார். நஸீர் நானா வாசிக்க, நான் கணினியில் அடித்தேன். நான் விழுந்த மூன்று தரத்தையும் என் கையாலேயே அடித்தேன். ஓர் இடத்தில் எழுத்துப் பிழை விட்டு, பின்னால் நின்ற மூன்று பேர் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். நோயாளி தூக்கினார் என்கிற வசனத்தை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். டொக்டர் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். அதே கணினியில், மின்னஞ்சலில் இருந்த என் ஒரு பக்கத்தையும் திறந்து, நடுங்காத கைகளை வெட்டி எறிந்தேன். மூன்று வயதையும் வெட்டச் சொன்னார் டொக்டர். அதற்குப் பிறகு அது அரைப் பக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவும் உண்மை.

புது உறையை ஒட்டும் வேலையை அப்பா ஒருவருக்கும் கொடுக்கவில்லை. கோந்து வாங்கி, விளிம்பு விளிம்பாகப் பூசி, உள்ளங்கையால் அழுத்தி, காயும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். டொக்டர் கையெழுத்து வைத்தார். (அதுவும் விளங்கவில்லை. ஆனால் கையெழுத்து விளங்கத் தேவையில்லை.) பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அப்பா அந்த உறையை அம்மாவுக்கும் எனக்கும் எட்டாத பக்கத்தில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை கூரியர் கடை திறக்கும்போது முதல் ஆளாக நின்றார்.

ஆறு வாரம் கழித்து நேர்முகம் வந்தது, கணினித் திரையில். மூன்று பேர் இருந்தார்கள். முதல் இருவரும் உயிரியலைப் பற்றிக் கேட்டார்கள். மூன்றாமவர், வயதான ஓர் அம்மையார், ஒரேயொரு கேள்விதான் கேட்டார். அந்தத் துறைமுகத் தொழிலாளிக்குப் பிறகு நகம் சுகமாகிவிட்டதா என்று. ஆகிவிட்டது, பத்து நாள் கழித்து அவர் கட்டு மாற்ற வந்தபோது நான்தான் ட்ரேயைப் பிடித்தேன், விழவில்லை என்றேன். அந்த அம்மையார் எதையோ எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் என்னை எடுத்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அப்பா அதை மூன்று பிரதி அச்செடுத்து மூன்று பைலில் வைத்தார். அம்மா லிப்ட்டில் ஏறி, ஆறாம் மாடிக்கும் கீழுக்குமாக அந்தப் பின்னேரம் முழுக்கப் போய்வந்தா.

உடற்கூற்று வகுப்பில் முதல் நாள் எங்கள் குழுவில் ஐந்து பேர் விழுந்தார்கள். நான் விழவில்லை. விழப்போகிறவர்களின் உதடு எந்த நிறத்துக்கு மாறும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் இரண்டு பேரைப் பிடித்தும்விட்டேன்.

படிப்பை முடித்து, இங்கே எழுதவேண்டிய பரீட்சையையும் எழுதி, இப்போது கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். அந்தப் பின்னேரத்தை எல்லாரும் மறந்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் வார்ட்டில் ஓர் ஐயாவுக்குக் கையில் ஊசி ஏற்றப் போனேன். பயந்த மனிதர், ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்கள் கொட்டாஞ்சேனைப் பார்மசியில் கடிதம் வாசிக்கக் கொண்டுவந்த பிள்ளைதானே என்று கேட்டார். அன்றைக்கு வரிசையில் தானும் நின்றவராம். நான் மறுக்க முன்னமே அவர் அந்த ஐயாவின் பக்கம் திரும்பி, தைரியம் சொன்னார்.

"பயப்புட வாணாம். இவங்க இப்ப விழுறல்ல."

அந்த ஐயா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு, எதுக்கும் இருந்துகொண்டே போடுங்கோ பிள்ளை என்று கையை நீட்டினார்.